எஞ்சின் கத்துது, படகு நகரலை

போன வருஷம் பங்குனியில் ஒரு விடியற்காலை. மனோரா கோபுரம் கரையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தெரிகிற தூரத்தில், நானும் மச்சானும் நண்டு வலையை வாங்கிப் போட்டுக்கொண்டு கரைக்குக் கிளம்பினோம். கியரைத் தட்டினேன், படகு நகர்ந்தது. கைப்பிடியைத் திருகினேன். எஞ்சின் சத்தம் விறுவிறுவென்று ஏறியது. படகு அதே நடையில்தான் போனது. இன்னும் திருகினேன். எஞ்சின் அலறியது, பின்னால் நுரை பொங்கியது, படகு அப்போதும் கோயில் தேர் மாதிரி அசைந்து அசைந்துதான் வந்தது.

"என்ன மாப்ள, எஞ்சின் இந்தக் கத்து கத்துது, படகு நகரலையே" என்றார் மச்சான்.

திருகலைத் தளர்த்தினால் மறுபடி பிடித்து இழுத்தது. கொஞ்சம் கூட்டினால் விட்டுவிட்டது. அந்த மெல்லிய திருகலிலேயே கரை வந்து சேர்ந்தோம். வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் வருகிற தூரத்துக்கு மூன்று மணி நேரம். வெயில் ஏறி, நண்டில் கால்வாசி செத்துப்போயிருந்தது. செத்த நண்டுக்கு என்ன விலை கொடுப்பார்கள் என்று நண்டு பிடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் செய்த தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சத்தம் எஞ்சினிலிருந்து வந்ததால், கோளாறும் எஞ்சினில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்களுடையது 9.9 எச்.பி. அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் தொங்கவிடுகிற மோட்டார்; பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற வகை. மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினுக்கு எது வந்தாலும் பழி மண்ணெண்ணெய் மேல்தான் விழும். டவுனுக்குக் கொண்டுபோய் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மாட்டி ஓட்டிக் காட்டினார். கடிகாரம் மாதிரி ஓடியது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் கடலில் இறக்கினால், அதே அலறல், அதே தேர்.

டிரம்மில் நன்றாக ஓடத்தான் செய்யும். அங்கே அது தள்ளுவதற்கு எந்தச் சுமையும் இல்லை. அதைவிட, எஞ்சினுக்கு உண்மையிலேயே சக்தி குறைந்திருந்தால் அது அலறாது, திணறும். எத்தனை திருகினாலும் சுற்று ஏறாமல் முக்கும், புகை கக்கும். சுற்று தாராளமாக ஏறுகிறது, படகுதான் போகவில்லை என்றால், எஞ்சின் தன் வேலையைச் செய்துவிட்டது. அது கொடுத்த சக்தி தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. தேட வேண்டிய இடம் கீழே, புரொப்பல்லர் பக்கம். இந்த ஒரு வரி அன்றைக்குத் தெரிந்திருந்தால் கார்புரேட்டருக்குச் செலவழித்த காசு மிஞ்சியிருக்கும்.

இதை எனக்குச் சொன்னவர் சித்தப்பா. அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. மணலில் சாய்த்து வைத்திருந்த மோட்டாரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், புரொப்பல்லரைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"வீட்ல நகச்சாயம் இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. அக்கா மகளிடமிருந்து சிவப்பு நகச்சாயம் வாங்கி வந்தேன். புரொப்பல்லரைப் பிடித்து வைத்திருக்கும் நட்டின் மேலிருந்து, ஈரம் துடைத்த புரொப்பல்லர் உடம்பு வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தார். காய்ந்ததும், "போய் நல்லா இழுத்துட்டு வா" என்றார். கடலில் ஒரு அரை கிலோமீட்டர் அலறவிட்டுத் திரும்பி வந்து மோட்டாரைத் தூக்கிப் பார்த்தோம். நட்டில் ஒரு சிவப்புத் துண்டு. புரொப்பல்லரில் இன்னொரு சிவப்புத் துண்டு. இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி.

நட்டு, புரொப்பல்லரைச் சுழற்றுகிற தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது, அதில் ஊசி குத்திப் பூட்டியிருக்கிறது. தண்டு சுற்றிய அளவுக்குப் புரொப்பல்லரும் சுற்றியிருந்தால் கோடு முறிந்திருக்காது. நடுவில் எங்கோ வழுக்கியிருக்கிறது. அந்த நடுவில் இருப்பது ஒரு ரப்பர் புஷ். உள்ளே தண்டின் பற்களில் கோக்கும் பித்தளைக் குழல், வெளியே இறக்கைகள் உள்ள அலுமினிய உடம்பு, இரண்டுக்கும் இடையே இறுக்கி அழுத்திய ரப்பர். பாறையிலோ கட்டையிலோ இறக்கை அடித்தால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவும், மீறினால் வழுக்கிக்கொடுக்கவும்தான் அதை வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் அடி நேராகக் கியர் பற்களுக்குப் போகும். எங்கள் ரப்பர் வயதாகி, இறுகி, ஏதோ ஒரு நாள் அடிபட்டுப் பிடியை விட்டிருக்கிறது. மெதுவாகப் போகும்போது பிடிக்கிறது, சுமை ஏறினால் வழுக்குகிறது. நான் கடலில் பார்த்தது அதைத்தான்.

புஷ்ஷுக்கும் உலோகத்துக்கும் சேர்த்துத் துளை போட்டு ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். சித்தப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்கப்பன் ஆணி அடிச்ச கதைதான் இதுவும்" என்றார்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் இருந்தது 5 எச்.பி. மோட்டார். அந்த அளவு சின்ன மோட்டார்களில் ரப்பருக்குப் பதிலாகத் தண்டில் குறுக்கே ஒரு சின்னப் பின் போட்டிருப்பார்கள். இறக்கை எதிலாவது இடித்தால் அந்தப் பின் கத்தரித்துக்கொள்ளும். அப்போது எஞ்சின் ஓடும், படகு துளிகூட நகராது. புது பின் போட்டால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. அப்பாவுக்கு மாதத்துக்கு இரண்டு பின் முறிந்தது. எங்கள் கடல் அப்படி. கரையிலிருந்து வெகுதூரம் வரை இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர்தான். ஒரு நாள் பின் கையில் இல்லை. ஆணி ஒன்றை வெட்டிப் போட்டார். அது முறியவே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் வலைக்காக நட்டுவைத்திருந்த கம்பு ஒன்றில் முழு வேகத்தில் மாட்டியது. ஆணி முறியவில்லை. கியர் பல் உடைந்தது. அந்த மோட்டார் அப்புறம் கடலுக்கே போகவில்லை, இரும்புக் கடைக்குத்தான் போனது.

சரி, புஷ் மாற்ற வேண்டுமென்றால் புரொப்பல்லரைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால், எத்தனை அவசரமானாலும், பிளக் மூடியை உருவி விட வேண்டும். கியர் விழுந்திருக்கும்போது புரொப்பல்லரைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். சூடான எஞ்சின் பட்டென்று பற்றிக்கொண்டால் விரல்கள் இருக்காது. பிளக் மூடி கழன்றதும் கியரைப் போட்டு, இறக்கைக்கும் மேலே இருக்கிற தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் சொருகினால் நட்டைத் திருகும்போது புரொப்பல்லர் சுற்றாது. கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் உள்ளங்கையில் தழும்பையும் பார்த்திருக்கிறேன்.

நட்டு கழன்றது. புரொப்பல்லர் கழலவில்லை. தண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளி உடம்பு அலுமினியம், உள்ளே பித்தளை. மூன்று உலோகம் உப்புத் தண்ணீரில் நெருங்கி இருந்தால் அரிப்பு உப்புப் பூவாகப் பூத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வாங்கிய நாளிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கழற்றிக் கிரீஸ் வைக்கவில்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மரக்கட்டை வைத்துப் பின்னாலிருந்து மெல்லத் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு பகல் முழுக்கப் போனது. இப்போது மாதக் கடைசியில் கழற்றிக் கிரீஸ் வைக்கிறேன். பத்து நிமிடம்.

கழற்றியபோது இன்னொன்று கிடைத்தது. புரொப்பல்லருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், தண்டு வெளியே வருகிற இடத்தில், தலைமுடி போல ஒரு பந்து. நரம்பு. நைலான் வலை நரம்பு எப்போதோ சுற்றிக்கொண்டு, சூட்டில் இளகி, தண்டைச் சுற்றி இறுகி ஒரு வளையமாகிவிட்டிருந்தது. பிளேடால் கீறி எடுத்தேன். அதன் அடியில் எண்ணெய் வெளியே வராமல் காக்கிற ரப்பர் சீல் இருக்கிறது. நரம்பு செய்கிற கெடுதல் அங்கேதான். சீலின் உதட்டை அறுத்துவிடும். அதன்பிறகு எண்ணெய் வெளியே போகும், உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வெளியே ஒன்றும் தெரியாது.

கியர் பெட்டியின் அடியில் இருக்கிற ஸ்குருவைக் கழற்றினேன். வர வேண்டியது தேன் நிறத்து எண்ணெய். வந்தது பால் டீ. மேலே நன்றாக நுரை கட்டிய டீ. தண்ணீர் கலந்த எண்ணெய்க்கு அந்த நிறம்தான். நல்லவேளை, பற்கள் துருப்பிடிக்கும் முன்னால் பார்த்துவிட்டோம். சீல் மாற்றி, புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக, மேல்துளையில் வழிகிற வரைக்கும் ஏற்றினோம். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், நிறைந்தது போல் ஏமாற்றும். வலை வைத்துப் பிழைக்கிறவன் மாதம் ஒரு தடவையாவது அந்த அடி ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர் சொட்டினாலும், பால் நிறத்தில் வந்தாலும், மோட்டாரைக் கரையில் வைத்துவிட வேண்டியதுதான்.

லேத் பட்டறையில் புது புஷ் அழுத்தி வாங்கி வந்தோம். மாட்டும்போது ஒரு வாஷரைச் சேற்றில் தவறவிட்டேன். புரொப்பல்லருக்கு முன்னால் தண்டில் போகிற கனமான வளையம். இது இல்லாவிட்டால் என்ன என்று மாட்டிவிட்டேன். எஞ்சினின் மொத்தத் தள்ளுதலையும் வாங்கிப் படகுக்குக் கொடுப்பது அந்த வளையம்தான் என்று, புரொப்பல்லர் போய்க் கியர் பெட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அரை மணி நேரம் சேற்றைத் துழாவி எடுத்தேன்.

எல்லாம் சரி செய்து கடலில் இறக்கினால், நேராகப் போகும்போது அம்சமாகப் போகிறது. திருப்பினால், அல்லது எதிர் அலையில் ஏறி இறங்கினால், பழையபடி ஒரு அலறல்; ஒரு நொடியில் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிவப்புக் கோட்டைப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. அப்படியென்றால் புஷ் வழுக்கவில்லை. வேறு ஏதோ.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் உறைத்தது. மோட்டார் கரையில் இருந்த வாரத்தில், மோட்டாரை மாட்டுகிற, இற்றுப்போயிருந்த பின்பக்கப் பலகையை மச்சான் மாற்றியிருந்தார். பலமாக இருக்கட்டும் என்று மேலே ஒரு சட்டமும் சேர்த்துவிட்டார். மோட்டார் இரண்டு அங்குலம் மேலே ஏறிவிட்டது. புரொப்பல்லருக்கு நேர் மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். அதைவிட மேலே போனால், திரும்பும்போதும் அலையிலும் இறக்கை மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரைத் தள்ள வேண்டிய இறக்கை காற்றைத் தள்ளினால் எஞ்சினுக்குச் சுமை போய்விடும், அலறும். மோட்டார் வாங்கும்போது ஷார்ட் ஷாஃப்ட், லாங் ஷாஃப்ட் என்று கேட்பது இதற்குத்தான். 15 அங்குலப் பலகைக்கு ஒன்று, 20 அங்குலப் பலகைக்கு இன்னொன்று. மச்சான் சட்டத்தை அறுத்துத் தள்ளினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். அலறல் நின்றது.

இப்படி இறக்கை காற்றை உறிஞ்சுவதை எல்லோரும் கேவிடேஷன் என்கிறார்கள், அந்தத் தட்டுக்கும் அதே பேர்தான் வைத்திருக்கிறார்கள். உண்மையில் கேவிடேஷன் வேறு. இறக்கை மிக வேகமாகச் சுற்றும்போது அதன் முதுகுப்பக்கம் அழுத்தம் குறைந்து, சாதாரணச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் உடைகிற இடத்தில் உலோகத்தைக் கொத்திப் பொடிக்கும். சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் டர்பினியா என்று ஒரு நீராவிப் படகு கட்டினார். அவ்வளவு சக்தி வைத்தும் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தைத் தொட முடியவில்லை. ஒற்றைத் தண்டை எடுத்துவிட்டு, மூன்று தண்டு, தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பல்லர் போட்டு வேலையைப் பங்கு பிரித்துக் கொடுத்த பிறகு, 1897இல் 34 நாட் ஓடியது. அவருக்கு வந்தது கேவிடேஷன். நமக்கு வருவது பெரும்பாலும் காற்று புகுதல்தான். பலகை உயரம் மட்டும் காரணம் இல்லை. படகின் அடியில் மோட்டாருக்கு நேர் முன்னால் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்கிற சின்னக் கடலுயிர்) ஒட்டியிருந்தாலும் தண்ணீர் கலங்கிக் காற்றோடு வரும். எஞ்சின் புகை புரொப்பல்லரின் நடு வழியாக வெளியேறுகிற மாடல்களில், பின் விளிம்பு உடைந்திருந்தால் அந்தப் புகையையே இறக்கை உறிஞ்சும். இறக்கையிலேயே கொட்டலசு பிடித்திருந்தாலும் தள்ளுதல் பாதியாகிவிடும். பத்து நாள் கடலிலேயே தொங்கவிட்ட மோட்டாரைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

தாழையைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கம் கடலடி முழுக்கக் கடல்தாழை என்கிற கடல்புல்தான். ஆவுளியா, அதாவது கடல்பசு, மேய்கிற இடம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். காற்றடித்து ஓய்ந்த பிறகு பிய்ந்த தாழை மிதந்துகொண்டே வரும், புரொப்பல்லரில் சடையாகச் சுற்றும். படகு கனத்த மாதிரி ஆகிவிடும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சில நொடி ரிவர்ஸ் போட்டால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தாழைக்குத்தான் இந்த வித்தை. கயிறோ வலையோ சுற்றினால் ரிவர்ஸ் போடக் கூடாது, இன்னும் இறுகும். எஞ்சினை நிறுத்தி, தூக்கி, அறுக்க வேண்டும். அப்படியே எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் பீச்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும், தாழை அந்தத் தண்ணீர் உள்ளே போகிற சல்லடையையும் மூடும். பீச்சல் நின்றுபோய் எஞ்சினைப் பொசுக்கியவர்கள் எங்கள் கரையில் இரண்டு பேர் உண்டு. தண்ணீர் குறைந்த இடத்தில் மோட்டாரைத் தூக்காமல் உழுதுகொண்டு போனால் இறக்கையும் தேயும், தாழையும் வேரோடு போகும். அங்கே கம்பு ஊன்றித் தள்ளுவதே நல்லது.

பிட்ச் பற்றி ஒரு சண்டை நடந்தது. மச்சானின் கூட்டாளி ஒருவர் பழைய புரொப்பல்லர் ஒன்று கொடுத்தார், "வேகம் பிச்சுக்கும்" என்று. எங்களுடையதில் 9¼ × 9 என்று பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச்: ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னால் போக வேண்டும் என்ற கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் அதைப் பாதியாக்குகிறது என்று வைத்தால், கணக்குப்படி மணிக்கு 34 கிலோமீட்டர் போக வேண்டும். வலையும் ஆளும் ஏற்றிக்கொண்டு எங்கள் படகு இருபதைத் தாண்டினால் அதிகம். மீதி தண்ணீரில் வழுக்கல். கூட்டாளி கொடுத்தது 11 பிட்ச். வெறும் படகில் பறந்தது. ஐஸ் பெட்டி, வலை, நான்கு ஆள் ஏறியதும் டாப் கியரில் மலை ஏறுகிற பஸ் மாதிரி முக்கியது, புகைந்தது, மண்ணெண்ணெய் தாகமாகக் குடித்தது. இது அலறலுக்கு நேர் எதிர் நோய்.

பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றிச் சுற்றுகளை எண்ணுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். முழுத் திருகலில் 4500க்கும் 5500க்கும் நடுவில் நிற்க வேண்டிய எஞ்சின், 4100இல் நின்றது. பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை ஏறும். பழைய 9ஐத் திரும்பப் போட்டதும் 4500ஐத் தொட்டது. பெரியது போட்டால் வேகம் என்று யாராவது சொன்னால், 1836இல் திருகுப் புரொப்பல்லருக்குக் காப்புரிமை வாங்கிய பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் கதையைச் சொல்வேன். இரண்டு சுற்று நீளத்துக்கு மரத் திருகு வைத்துக் கால்வாயில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1837இல் எதிலோ மோதி அதில் பாதி உடைந்தே போயிற்று. படகு முன்னைவிட வேகமாக ஓடியது. மச்சானிடம் சொன்னேன். "அப்ப நம்மளதையும் பாதி உடைச்சுப் பாப்பமா" என்றார்.

போன வாரத்திலிருந்து நடுத்தர வேகத்தில் ஒரு நடுக்கம் வருகிறது. கைப்பிடியில் உள்ளங்கை கூசுகிற மாதிரி. நேற்று மோட்டாரைத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஒரு குச்சியை இறக்கை நுனிக்கு அருகில் அசையாமல் கட்டினேன். புரொப்பல்லரை மெல்லச் சுற்றினேன். முதல் இறக்கை குச்சியை உரசியும் உரசாமலும் போனது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கும் குச்சிக்கும் நடுவில் தீப்பெட்டியை நுழைக்கலாம். எங்கே இடித்தது என்று மச்சானைக் கேட்டால் வானத்தைப் பார்க்கிறார். இப்படியே ஓட்டினால் புது சீல் மறுபடி போகும். அலுமினியம் என்பதால் அதிகம் தட்டி நிமிர்த்தினால் வெடித்துவிடும். நாளைக்குப் பட்டறையில் காட்டிவிட்டு முடிவு செய்ய வேண்டும். அதுவரைக்கும் பிஸ்கட் டப்பாவில் பின், ஊசி, வாஷரோடு படகின் முன்பக்கம் அணியத்தில் கிடக்கிற பழைய புரொப்பல்லரைப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். அதற்கும் கோடு இழுக்க வேண்டும். நகச்சாயம் தீர்ந்துவிட்டது.